மனநல மருத்துவர்களுக்கு: எங்கள் மனச்சோர்வை ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்

மனநல மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. குழந்தைப் பருவம் கடந்து வளர்ந்த பிறகுதான் அது உறுதியானது. மனச்சோர்வும் இருந்தது. ஆனால் அதை யாரும் கண்டுகொள்ள நெடுங்காலம் ஆனது. தூக்கமில்லை என்று சொன்னாலும், யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று சொன்னாலும், "ஆட்டிசம் இருந்தால் அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரே பதில்தான் வந்தது. அதே பதிலைக் கேட்டுத் திரும்பிய பலரை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடல்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வாழ்நாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 4 மடங்கு என்று, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வு பெரியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. அதன்படி, எந்த ஒரு நேரத்திலும் 23 சதவீதம் பேர் மனச்சோர்வில் இருக்கிறார்கள். வாழ்நாளில் ஒருமுறையாவது அதற்குள் போய்வருபவர்கள் 37 சதவீதம். அதாவது உங்களிடம் வரும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இன்று, இப்போது, மனச்சோர்வு இருக்கக்கூடும். எந்த மருத்துவரும் தற்செயல் என்று ஒதுக்கக்கூடிய அளவு இல்லை இது.

ஏன் தவறவிடப்படுகிறது? முகத்தில் உணர்ச்சி தெரியவில்லை, கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, ஒதுங்கியே இருக்கிறார்: மற்றவர்களிடம் இவற்றைப் பார்த்தால் உங்களுக்கு மனச்சோர்வு நினைவுக்கு வரும். எங்களில் பலர் மகிழ்ச்சியாக இருக்கும்போதும் இப்படித்தான் இருப்போம். ஆகவே எங்கள் தோற்றத்திலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. எங்களிடம் என்ன மாறியிருக்கிறது என்பதுதான் கேள்வி. என்னை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். நன்றாக இருந்த காலத்து என்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பலருக்கு உயிருக்கு நெருக்கமான ஓர் ஆர்வம் இருக்கும். ரயில்கள், வரைபடங்கள், பூச்சிகள், ஏதோ ஒரு மொழியின் இலக்கணம், எதுவாகவும் இருக்கலாம். மணிக்கணக்கில் ரயில்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் ஒருநாள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்துகிறார். வீட்டில் என்ன நினைப்பார்கள்? "இப்போதெல்லாம் அந்தப் பைத்தியம் குறைந்துவிட்டது, பரவாயில்லை" என்று நிம்மதி அடைவார்கள். பலமுறை நீங்களும் அதை முன்னேற்றம் என்றே குறித்துக்கொள்கிறீர்கள். இன்பம் தந்த ஒன்றில் ஆர்வம் போய்விடுவது மனச்சோர்வின் முதன்மையான இரண்டு அறிகுறிகளில் ஒன்று என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஆர்வத்தையே ஒரு நோய்க்குறியாகப் பார்த்துப் பழகிவிட்டதால், அது அணைந்துபோவது நல்ல செய்தியாகத் தெரிகிறது.

மற்ற மாற்றங்களும் உண்டு. தானாகக் குளித்து, சமைத்துக்கொண்டிருந்தவரால் இப்போது அது முடியாமல் போகலாம். சாப்பிடும் பொருட்களின் பட்டியல் இன்னும் சுருங்கலாம். கைகளை அசைப்பது, முன்னும் பின்னும் ஆடுவது போன்றவை கூடலாம்; தன்னையே அடித்துக்கொள்வது தொடங்கலாம். பேச்சு வராதவர்களிடம் கோபமும் தூக்கக் குறைவும் மட்டுமே வெளியே தெரியக்கூடும். அவர்களுக்குப் பல்வலியோ வயிற்றுவலியோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் மனதையும் பாருங்கள். இரண்டையும் பார்க்காமல் "நடத்தைப் பிரச்சினை" என்று எழுதுவது அநியாயம். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களின் மனநோய்கள் இப்படி அந்தக் குறைபாட்டின் நிழலில் மறைந்துபோவதை அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரீஸும் உடன் ஆய்வாளர்களும் 1982லேயே எழுதிவிட்டார்கள். எங்களுக்கு இன்றும் அதுவே நடக்கிறது.

அடுத்தது, நீங்கள் கேட்கும் கேள்விகள். "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டதும் நான் வாயடைத்துப் போவேன். பதில் சொல்ல விருப்பமில்லாமல் இல்லை. உள்ளே ஏதோ கனமாக இருப்பது தெரிகிறது. அது சோகமா, பயமா, பசியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அலெக்சிதைமியா என்று நீங்கள் சொல்லும் இந்த நிலை ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், மற்றவர்களில் 5 சதவீதம் பேருக்கும் இருப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. உணர்ச்சி இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். பல நேரங்களில் தாங்க முடியாத அளவுக்கு இருக்கிறது. அதற்குப் பெயர் வைப்பதில்தான் சிக்கல். உடம்பில் எங்கே என்ன செய்கிறது, போன வாரம் வழக்கமாகச் செய்யும் எதைச் செய்யவில்லை, எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று கேளுங்கள். எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். சிலருக்குச் சரியான பதில் மறுநாள்தான் வரும். அதை அனுப்ப ஒரு வழி வைத்திருங்கள்.

நீங்கள் நீட்டும் படிவங்களும் எங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கேட்கும் பிஎச்க்யூ-9 படிவத்தையே எடுத்துக்கொள்வோம். கவனம் செலுத்த முடிகிறதா என்ற கேள்விக்கு எடுத்துக்காட்டாகச் செய்தித்தாள் படிப்பதையும் தொலைக்காட்சி பார்ப்பதையும் தருகிறது. நான் இரண்டும் செய்வதில்லை. ஆகவே எனக்குப் பிரச்சினையே இல்லை என்று எழுதுவேன், எனக்குப் பிடித்த புத்தகத்தில் ஒரு பக்கம்கூட நகராமல் கிடந்தாலும். வழக்கத்தைவிட அதிகமாக, அமைதியின்றி அசைந்துகொண்டிருந்தீர்களா என்று இன்னொரு கேள்வி. என் வழக்கமே அதுதான், பிறந்ததிலிருந்து அப்படித்தான்! படிவத்தை நிரப்பச் சொல்லிவிட்டு மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று கேளுங்கள்.

ஆட்டிசம் இருப்பதால்தான் நாங்கள் சோர்ந்துபோகிறோம் என்பதையும் நான் ஏற்கவில்லை. கேலி, தனிமை, வேலை நிலைக்காமல் போவது, நாள் முழுக்க இரைச்சலையும் வெளிச்சத்தையும் பொறுத்துக்கொள்வது, அதற்கு மேல் இயல்பான ஆளைப் போல நடித்துக்கொண்டே இருப்பது, இவையெல்லாம் எவரையும் வீழ்த்தும். இந்த நடிப்புக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதை 2018இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அப்படியிருக்க, மனச்சோர்வோடு வருபவருக்குக் கண்ணைப் பார்த்துப் பேசப் பயிற்சி கொடுப்பது எந்த வகையில் சிகிச்சை? நடித்து நடித்துக் களைத்து, இருந்த திறன்களையும் இழந்து படுத்துவிட்டவருக்கு, "வெளியே போங்கள், நாலு பேரோடு பழகுங்கள்" என்ற அறிவுரை நிலைமையை மோசமாக்கிவிடும். முதலில் அவருடைய சுமையைக் குறைக்க வேண்டும்.

சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்றி அமைத்துத் தாருங்கள். மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012லேயே இதற்கு வழிகாட்டுதல் தந்திருக்கிறது: உருவகங்களைத் தவிர்த்து நேரடியாகப் பேசுவது, எழுத்திலும் படத்திலும் விளக்குவது, நடுவில் இடைவேளை விடுவது, அவருடைய ஆர்வத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது. பக்க விளைவுகள் எங்களுக்குக் கூடுதலாக இருக்கலாம் என்பதால் மருந்தைக் குறைந்த அளவில் தொடங்குவதைப் பற்றி யோசிக்கவும் அது சொல்கிறது.

தற்கொலையைப் பற்றி நேராகக் கேளுங்கள். "தப்பான எண்ணம் ஏதாவது வருகிறதா?" என்று சுற்றி வளைத்தால் எங்களில் பலருக்கு அது எதைப் பற்றியது என்றே புரியாது. "சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்வோம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் நிலை புதிதாக உறுதி செய்யப்பட்ட 374 பெரியவர்களிடம் பிரிட்டனில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், 66 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்திருப்பதாகச் சொன்னார்கள். இன்னொன்று: நாங்கள் அதை அழாமல், குரல் நடுங்காமல், நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிடக்கூடும். குரலை வைத்து எடை போடாதீர்கள். சொன்ன சொல்லை நம்புங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆட்டிசம் உள்ள ஒருவர் உங்களிடம் முதல்முறை வரும்போதே, நன்றாக இருக்கும் நாட்களில் அவர் எப்படி இருப்பார் என்று அவரிடமும், அவர் சம்மதித்தால் கூட இருப்பவர்களிடமும் கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். எவ்வளவு பேசுவார், எதில் மூழ்குவார், என்ன சாப்பிடுவார், எதைத் தானாகச் செய்துகொள்வார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு நகலை அவரிடமும் கொடுங்கள். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் கையோடு கொண்டுபோவார்.

இப்படிக்கு,
ஆட்டிசம் உள்ள ஒரு பெண்