வீட்டுத் தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, இவ்வாண்டு நம்மை மிகவும் வருத்திய ஒன்றுக்கே ஒதுக்குகிறேன். ஆடிப்பட்டத்தில் ஊன்றிய அரசாணிக்கொடிகள், அதாவது மஞ்சள் பூசணிக்கொடிகள், தளதளவென்று படர்ந்தும், பல வீடுகளில் ஒரு காய்கூடத் தங்கவில்லை.

பிஞ்சுகள் எலுமிச்சை அளவுக்குக்கூட வராமல் மஞ்சளாகி உதிர்ந்தன. விதையைப் பழித்தோம், போர்த் தண்ணீரைப் பழித்தோம், சிலர் உரத்தைக் கூட்டி வைத்து இலையை மட்டும் பெருக்கினார்கள். விடியற்காலையில் கொடியருகே உட்கார்ந்து பார்த்த பிறகே காரணம் விளங்கியது. அரசாணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. அடியில் சிறு பிஞ்சைத் தாங்கி வருவது பெண்பூ. இரண்டும் விடியலில் மலர்ந்து வெயில் ஏறியதும் கூம்பிவிடுவதால், அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்து போனால்தான் காய் பிடிக்கும். நம்மில் பலர் அந்த நேரத்தில்தான் பூச்சிமருந்து தெளித்துக்கொண்டிருந்தோம்; என் வீட்டிலும் அதுவே நடந்தது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

புரட்டாசிக் கூட்டத்தில் மூத்த உறுப்பினரான அம்மையார் ஒருவர், ஆண்பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டு, மகரந்தம் அப்பியிருந்த நடுத்தண்டைப் பெண்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவிக் காட்டினார். அதன்படி செய்த வீடுகளில் காய் நின்றது. பீர்க்கனும் சுரையும் பொழுது சாயும் வேளையில் பூப்பவை என்பதால், அவற்றுக்கு இதை அந்தியில் செய்ய வேண்டும். இனி, லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுதும் ஊறவைத்து வடித்த சாற்றை மட்டும், மாலையில், பூக்களில் படாமல் தெளிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து மொத்தமாக வாங்கிய தென்னை நார்க்கழிவிலும் ஒரு பாடம் கற்றோம். அலசாமல் நிரப்பிய தொட்டிகளில் கத்தரி, தக்காளி நாற்றுகளின் இலை ஓரம் கருகியது. நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கும். முதல் அலசலில் வரக்காப்பி நிறத்தில் இறங்கும் தண்ணீர் ஏறக்குறைய தெளியும்வரை, நான்கைந்து முறை ஊறவைத்துப் பிழிந்தபின், மண்ணும் தொழுவுரமும் கலந்தே பயன்படுத்த வேண்டும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று மாடிப் பந்தல்களைச் சாய்த்தது. மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டியவர்களுக்குச் சேதம் குறைவு. கார்த்திகைக் கடைசியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த மல்லி, பங்குனியிலேயே மொட்டு வைத்தது. பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்தில், தண்ணீர் பாயும் இடத்தில் கற்பூரவல்லியும் வேலியோரத்தில் தூதுவளையும் தம் போக்கில் தழைத்ததால், சளிக்காலத்தில் எந்த வீட்டிலும் இலைக்குப் பஞ்சமில்லை.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். விதைக்கென விடும் அரசாணியில், மறுநாள் மலரவிருக்கும் ஆண்பூ, பெண்பூ இரண்டையும் முதல் நாள் மாலையே நூலால் கட்டிவைத்து, காலையில் கையால் சேர்த்தபின் பெண்பூவை மீண்டும் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வீட்டு ரகத்தோடு கலந்துவிடும். அப்படி முற்றவிட்ட காயின் விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, ரகத்தையும் எடுத்த மாதத்தையும் எழுதி, ஆடி 18க்கு முந்தைய கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்