போட்டோ பேப்பர் பாக்கெட் போடுகிறவர்களுக்கு மண்டபத்திலிருந்து ஒரு மடல்

போட்டோ பேப்பரைப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் கம்பெனிக்காரர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் வணக்கம்.

மண்டபத்தில், வீட்டு முன்னறையில் ஒரு இங்க் டேங்க் பிரிண்டரை வைத்துக்கொண்டு ஆறு வருஷமாகப் படம் அடித்துக் கொடுக்கிறேன். பாஸ்போர்ட் படம், காதுகுத்துப் படம், பாம்பன் பாலத்தில் நின்று எடுத்த செல்ஃபி, மாலை போட்டுச் சுவரில் மாட்டும் படம். இந்தக் கடைசி வகையால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன மாசம், கடலுக்குப் போகிற தம்பி ஒருத்தர் தன் அம்மாவின் படத்தைச் செல்போனில் கொண்டுவந்தார். கருவாடு காயப்போட்ட மணலில், வெயிலில் நிற்கிறார் அந்த அம்மா. நல்ல கருத்த முகம், நெற்றி நிறையத் திருநீறு, அரக்குச் சேலை. ஏ4 அளவில் அடித்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "அக்கா, எங்கம்மா இப்படிச் செவப்பா இருக்க மாட்டாகளே" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. காசைக் கொடுத்துவிட்டுப் படத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

முதலில் என்மேல்தான் சந்தேகப்பட்டேன். பிரிண்டரைக் கம்ப்யூட்டர் வழியாக இயக்கும் மென்பொருளான டிரைவர்கள் பலவற்றில் படத்தைத் தானே திருத்தும் வசதி ஒன்று உண்டு. நம் ஊர் முகத்தைப் பார்த்ததும் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து வெளுக்க வைத்துவிடும். அதை எப்போதோ அணைத்துவிட்டேன். எடிட்டிங் சாஃப்ட்வேரும் டிரைவரும் ஆளுக்கொரு தடவை நிறத்தை மாற்றினாலும் முகம் சிவக்கும். அதனால் அந்த வேலையைச் சாஃப்ட்வேரிடம் விட்டு, டிரைவரில் நிறத் திருத்தத்தையே நிறுத்தியிருக்கிறேன். மை வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் நாசில் செக்கில் ஒரு கோடும் விடுபடவில்லை. இங்க்கும் கம்பெனி இங்க்தான். மானிட்டர் வெளிச்சத்தையும் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன். சாய இங்க் முழுசாகக் காய்ந்தபிறகுதான் நிறம் நிலைக்கும் என்பதால் ராத்திரி முழுக்க விட்டு, காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அப்போதும் சிவப்புதான்.

பிறகு பீரோவில் தேடியபோது உங்கள் பழைய பாக்கெட் கிடைத்தது. உள்ளே மூன்று தாள் மிச்சம். எந்த செட்டிங்கையும் தொடாமல் அதில் ஒன்றில் அடித்தேன். அந்த அம்மா வந்துவிட்டார். கருப்பு கருப்பாகவே இருந்தது, சேலையும் அரக்காகவே இருந்தது. இரண்டு பாக்கெட்டிலும் அதே பெயர், அதே அட்டைப்படம், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று தாளின் கனத்தைச் சொல்லும் அதே 180 ஜிஎஸ்எம். உள்ளே இருக்கும் தாள் மட்டும் வேறு. பழையது லேசான பால் நிறம், புதியது நீலம் பூத்த வெள்ளை.

ஒரே சாயத்தில் பருத்தியையும் பட்டையும் முக்கினால் இரண்டும் ஒரே நிறமாகவா வரும்? அதற்காகத்தான் ஐசிசி ப்ரொஃபைல். இந்தப் பிரிண்டர், இந்த இங்க், இந்தத் தாள் மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு மையில் என்ன நிறம் விழும் என்று அளந்து எழுதிய கணக்கு அது. ஐசிசி என்பது இன்டர்நேஷனல் கலர் கன்சார்டியம் என்ற அமைப்பு, அது தொடங்கியது 1993இல். பிரிண்டர் கம்பெனிகள் தங்கள் சொந்தத் தாளுக்கு ப்ரொஃபைல் தருகின்றன. ஆனால் இந்தப் பக்கத்துக் கடைகளில் எனக்குக் கிடைப்பது உங்கள் தாள்தான். நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்களை அடித்து, நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வைத்து அளந்தால் நானே ஒன்று செய்துகொள்ளலாம். அந்தக் கருவியின் விலைக்கு இங்கே இன்னும் இரண்டு பிரிண்டர் வாங்கிவிடுவேன். நீங்கள் ஒவ்வொரு தாள் வகைக்கும், அதிகம் விற்கிற நாலைந்து பிரிண்டர்களுக்கு ஒருதடவை அளந்து, அந்தக் கணக்கை இறக்கிக்கொள்ள பாக்கெட்டில் ஒரு க்யூஆர் கோடு போட்டால் போதும்.

பாக்கெட்டில் இப்போது இருப்பது "எல்லா இங்க்ஜெட் பிரிண்டருக்கும் ஏற்றது" என்ற வரி. அது எப்படி? என் பிரிண்டரில் கருப்பு மை பிக்மென்ட், அதாவது கரையாத நிறத்துகள் கொண்டது; மற்ற மூன்றும் கரைந்த சாயம். டிரைவரில் சாதாரணத் தாள் என்று தேர்ந்தெடுத்தால் அந்தக் கருப்பு பளபளப்பான கிளாஸி தாளில் ஒட்டாமல் விரலோடு வந்துவிடும். போட்டோ தாள் என்று கொடுத்தால் மற்ற மூன்றையும் கலந்து கருப்பை உண்டாக்கும். அதிலும் மூன்று நான்கு வகைத் தாள் பட்டியலில் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று தாளைச் செய்தவர்தானே சொல்ல வேண்டும்? மேற்பூச்சும் அப்படித்தான். நுண்துளைப் பூச்சு என்றால் மை சட்டென்று காயும், ஆனால் காற்றுப்பட்டு சாயம் வெளுக்கும். உப்பி மையை உள்ளே வாங்கும் பூச்சு என்றால் நிறம் தாங்கும், ஆனால் ஐப்பசி ஈரக்காற்றில் எங்கள் ஊரில் காயவே காயாது. எது எந்தப் பூச்சு என்று தெரிந்தால் அதற்கேற்ப நான் நடந்துகொள்வேன்.

எல்லாப் பழியையும் உங்கள்மேல் போடவில்லை. தனுஷ்கோடியில் பெண்கடல் என்று நாங்கள் சொல்லும் அலை அடங்கிய வங்கக்கடல் பக்கம் தெரிகிற அந்தப் பச்சை கலந்த நீலத்தைக் கேட்டு வருகிறவர்களிடம், தாளைக் குறை சொல்லாதீர்கள் என்று நானே சொல்வேன். படக் கோப்புகளுக்கென்று 1996இல் வந்த எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற எல்லைக்குள் அப்படிப்பட்ட சில நீலப்பச்சைகள் அடங்காது. வேடிக்கை என்னவென்றால், அவற்றில் சிலவற்றை இங்க் அடித்துவிடும். படக் கோப்புதான் கோட்டை விட்டிருக்கும். கடல் கொஞ்சம் மாறினால் ஆளுக்குத் தெரியாது. அம்மா முகம் மாறினால் தெரியும்.

தாளை மாற்றவே வேண்டாம் என்று கேட்கவில்லை. மாற்றினால் பெயரையும் மாற்றுங்கள், இல்லையென்றால் தொகுதி எண்ணாவது அச்சடியுங்கள். சாய இங்க்கா பிக்மென்ட்டா, டிரைவரில் எந்தத் தாள் வகை, வெண்மை கூட்டும் பொருள் கலந்திருக்கிறதா என்று பின்பக்கம் நாலு வரி. தமிழிலேயே போடலாம், நாங்களும்தானே வாங்குகிறோம்.

சரியாக வந்த படத்தை உறை போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஆடி அமாவாசைக்கு அந்தத் தம்பி அக்னி தீர்த்தம் போகிற வழியில் வருவார், கொடுத்துவிடுவேன். புதிய பாக்கெட்டில் இன்னும் நாற்பத்து மூன்று தாள் இருக்கிறது. அதற்கு என்ன செட்டிங் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எந்த பாக்கெட் என்று திருப்பிக் கேட்பீர்கள். குறித்து அனுப்ப அதில் ஒரு எண்ணும் இல்லை.