சாலைக்கென்று வாங்கிய செஸ் பணத்தைச் சாலைக்கே செலவிடக் கோரி மனு

அனுப்புநர்:
லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
நாமக்கல், தமிழ்நாடு.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பொருளாதார விவகாரத் துறை,
மத்திய நிதி அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: பெட்ரோல், டீசல் மீதான சாலை மற்றும் உட்கட்டமைப்பு செஸ் (குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்கும் வரி) தொகையை இந்தியத் தொகுப்பு நிதியில் (மத்திய அரசின் பொதுக் கருவூலத்தில்) நிறுத்திவைக்காமல் சாலைப் பணிகளுக்கு விடுவிக்கக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மனுவைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது என்பதால் திருப்பி அனுப்ப மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு இரண்டு லாரிகள். ஒன்றை நானே ஓட்டுகிறேன். சென்னைக்கு லோடு ஏற்றிப் போய்த் திரும்ப ஏறக்குறைய 200 லிட்டர் டீசல் பிடிக்கும். 2020 மே மாதம் இந்த செஸ் லிட்டருக்கு 18 ரூபாய் ஆனது. அப்போது ஒரு நடைக்குச் சாலையின் பெயரில் மட்டும் 3,600 ரூபாய் கட்டினேன். டோல்கேட்டில் அழுதது தனிக் கணக்கு. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்து, டீசலுக்கு 2 ரூபாய்க்குக் கொண்டுவந்தீர்கள். அதை மறுக்கவில்லை. அதற்கு முன் கட்டிய பணம் எங்கே போனது என்பதுதான் என் கேள்வி.

இந்த வரி இன்று நேற்று வந்ததல்ல. சாலை மேம்பாட்டை ஆராய ஆங்கிலேயர் காலத்தில் அமைத்த ஜெயகர் குழு சொன்னபடி 1929இலேயே பெட்ரோல் வரியிலிருந்து சாலைக்கென்று தனி நிதி ஒதுக்கினார்கள். 2000ஆம் ஆண்டின் மத்திய சாலை நிதிச் சட்டம் பங்கீட்டையும் எழுதியே வைத்தது: டீசல் செஸ்ஸில் பாதி கிராமச் சாலைகளுக்கு, மீதியோடு பெட்ரோல் செஸ்ஸையும் சேர்த்து அதில் 57.5 சதவீதம் தேசிய நெடுஞ்சாலைக்கு, 12.5 சதவீதம் ரயில்வே மேம்பாலம், கீழ்ப்பாலங்களுக்கு, 30 சதவீதம் மாநிலச் சாலைகளுக்கு. 2018இல் நிதியின் பெயரோடு 'உட்கட்டமைப்பு' என்ற சொல்லும் சேர்ந்தது. துறைமுகம், விமான நிலையம், மருத்துவமனை எல்லாம் பட்டியலுக்குள் வந்தன. நிர்வாகமும் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திலிருந்து தங்கள் துறைக்கு மாறியது. மருத்துவமனை கட்ட வேண்டாம் என்று நான் சொல்வேனா? ஆனால் ரசீதில் ஒன்று, செலவில் ஒன்று என்றால் எப்படி?

அதைவிடப் பெரிய விஷயம், வசூலான தொகை முழுவதும் அந்த நிதிக்கே வந்து சேராதது. சட்டப்படி செஸ் முதலில் தொகுப்பு நிதிக்குப் போகும். நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த தொகைதான் சாலை நிதிக்கு மாறும். இடையில் தங்குவது பொதுச் செலவோடு கரைந்துவிடுகிறது. 2018-19இல் பல்வேறு செஸ்களாகவும் பிற கட்டணங்களாகவும் வசூலான 2,74,592 கோடி ரூபாயில் 1,64,322 கோடிதான் உரிய நிதிகளுக்கு மாற்றப்பட்டது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே எழுதியிருக்கிறார். மீதி அங்கேயே தங்கிவிட்டது.

மாநிலத்துக்கும் இதில் நஷ்டம்தான். அரசமைப்புச் சட்டத்தின் 270ஆவது பிரிவின்படி செஸ்ஸில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. 2021 பிப்ரவரியில் டீசல் மீதான மத்திய வரி லிட்டருக்கு 31.80 ரூபாய், அதில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் அடிப்படைக் கலால் வரி வெறும் 1.80 ரூபாய். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மாநிலச் சாலையில் இரண்டு முறை ஸ்பிரிங் பட்டை உடைந்தது. கேட்டால், பணம் வரவில்லை என்கிறார்கள்.

நெடுஞ்சாலைக்கு பட்ஜெட்டில் வேறு வழியாகவும் ஒதுக்குகிறோம் என்று பதில் வரலாம். சரி, ஒதுக்குங்கள். அதற்காகச் சாலையின் பெயரில் வாங்கியதற்குக் கணக்கு இல்லாமல் போகாது.

ஆகவே 2018-19 முதல் ஆண்டுவாரியாக வசூல் எவ்வளவு, நிதிக்கு மாற்றியது எவ்வளவு, தமிழ்நாட்டுச் சாலைகளுக்கு வந்தது எவ்வளவு என்று வெளியிட வேண்டும். நிறுத்திவைத்த தொகையை அடுத்த பட்ஜெட்டிலேயே சாலை நிதிக்கு மாற்ற வேண்டும். மாநிலச் சாலைக்கும் ரயில்வே பாலங்களுக்கும் நிலையான பங்கைச் சட்டத்தில் மறுபடி எழுத வேண்டும். பொதுச் செலவுக்குத்தான் பணம் தேவையென்றால் அடிப்படைக் கலால் வரியாகவே வாங்குங்கள்; மாநிலங்களுக்கும் பங்கு கிடைக்கும்.

பதில் தமிழில் வந்தால் நல்லது. ஆங்கிலத்தில் வந்தாலும் பரவாயில்லை, யாரையாவது படிக்கச் சொல்லித் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: நாமக்கல்