ஃபேனை நிறுத்தச் சொன்ன மச்சானுக்கு

மச்சான்,

நாம் பூல் ஆடிய மாடியைக் காலி செய்கிறார்கள். டேபிள்களைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணன் நேற்று போன் செய்து சொன்னார். இந்த மாதக் கடைசி ஞாயிறோடு சரி, அப்புறம் அந்த இடம் ஏதோ மொபைல் கவர் குடோனாம். மூன்று டேபிளில் இரண்டை விற்றாயிற்று. "உங்க மச்சானுக்கும் சொல்லிடுங்க தம்பி" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். நாம் பேசி மூன்று வருடம் ஆகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்ல? பொங்கலுக்கு "வாங்க மாமா", காதுகுத்தில் "சாப்டீங்களா மாமா". அதை நான் பேச்சுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வாட்ஸப்பில் அனுப்பினால் திறக்காமலே வைத்திருப்பாய். இங்கே எழுதினால் யாராவது உனக்கு அனுப்புவார்கள், அநேகமாக உன் அக்காவே. அவளும் படிப்பாள் என்பதால் சில இடங்களில் சுற்றி வளைத்துத்தான் எழுத வேண்டும். உனக்குப் புரியும்.

ஒரு கேள்வி எனக்குள் ரொம்ப நாளாகக் கிடக்கிறது. ஏன் என்னிடம் மட்டும்? கண்ணாடிக்காரரிடம் நீ ஆடியதைப் பார்த்திருக்கிறேன். மிடில் பாக்கெட் வாயில் உட்கார்ந்திருந்த பந்தையே தவறவிட்டாய். கியூக் கம்பைத் துடைப்பம் மாதிரி பிடிக்கிற அந்தக் காலேஜ் பையன் உன்னை 5-1 என்று அனுப்பினான். நீ சிரித்துக்கொண்டே டேபிள் காசைக் கொடுத்தாய். மறு சனிக்கிழமை அதே நீ என் எதிரே வந்து நின்று, ஒரே மூச்சில் ஆறு பந்தை எடுத்து, கடைசிப் பந்துக்கு வெள்ளைப் பந்தைத் தொட்டு வைத்த மாதிரி நிறுத்தினாய். நான் நாற்காலியில் உட்கார்ந்து கியூ முனையில் சாக் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தேய்க்க வேறு என்ன இருந்தது?

'எல்லாரும் என்கிட்ட மட்டும் உயிரைக் கொடுத்து ஆடறாங்க' என்று அந்த மாடியில் புலம்பாதவன் யார் சொல். கண்ணாடிக்காரர் புலம்புவார். காலேஜ் பையனும் புலம்புவான், உன்னை 5-1 என்று அடித்தவன்! எல்லாருக்கும் எல்லாரும் உயிரைக் கொடுத்தால் அந்த மாடியில் எத்தனை உயிர் இருந்திருக்க வேண்டும்.

போன வாரம் என் பழைய நோட்டை எடுத்தேன். தேதி, எதிராளி, ஸ்கோர் எல்லாம் எழுதி வைப்பேனே, நீ கேலி செய்வாய், மளிகைக் கணக்கு என்று. அதில் நானும் நீயும் ஆடியது 19 போட்டி. நீ ஜெயித்தது 7.

(ஒன்பது பந்து ஆட்டம் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்கு: டேபிளில் இருக்கிற சின்ன எண்ணைத்தான் வெள்ளை முதலில் தொட வேண்டும், ஒன்பதாம் பந்தை முறையாகப் போட்டவருக்கு அந்த ரேக், அதாவது அந்த ஒரு ஆட்டம். எங்கள் சனிக்கிழமைப் போட்டியில் ஐந்து ரேக் முதலில் எடுத்தவர் அடுத்த சுற்றுக்குப் போவார்.)

பூல் ஆடுகிறவர்களின் திறமைக்குப் புள்ளி போடுகிற ஃபார்கோ ரேட்டிங் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி இரண்டு பேருக்கு நடுவே நூறு புள்ளி இடைவெளி என்றால், பெரியவர் இரண்டு ரேக் எடுக்கும்போது சின்னவர் ஒன்று எடுப்பார். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், நான் இரண்டு, நீ ஒன்று. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்படிப்பட்ட சின்னவர்கூட ஐந்து ரேக் போட்டியில் ஏழு தடவைக்கு ஒரு தடவை ஜெயித்துவிடுவார். மூன்று ரேக் போட்டி என்றால் ஐந்துக்கு ஒன்று. யாரும் உயிரைக் கொடுக்க வேண்டாம், ஆட்டம் சின்னதாக இருந்தால் போதும்.

முதலில் சந்தோஷமாக இருந்தது. பார், நீ ஒன்றும் ஸ்பெஷலாக ஆடவில்லை, எல்லாம் கணக்கு! அப்புறம் நோட்டைத் திரும்பப் பார்த்தேன். ஏழுக்கு ஒன்று என்றால் 19-ல் மூன்றுக்குள் நின்றிருக்க வேண்டும். ஏழு எப்படி வந்தது? அதையும் போட்டுப் பார்த்தேன். இருபது ரேக் ஆடினால் ஒன்பது உன்னுடையதாக இருந்தால்தான் அந்த ஏழு வரும். நீ என்னைவிட ஒரு மயிரிழைதான் கீழே இருந்திருக்கிறாய், ஆறு வருடமாக. இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன். உன்னிடம் நான் சேஃப்டி ஆடியதே இல்லை. கண்ணாடிக்காரரிடம் பந்து கொஞ்சம் கஷ்டமாக இருந்தாலும் வெள்ளையை வேறு பந்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். உன்னிடம் அப்படி ஆடக் கௌரவம் விடவில்லை. உனக்கு பிரிட்ஜ் பிடிக்க, அதாவது கியூ முனையை விரல்களில் தாங்கக் கற்றுக்கொடுத்தவன் உன்னிடமே ஒளிவதா? அதனால் போகாத பந்தையும் அடிப்பேன். தவறும். டேபிள் திறந்து கிடக்கும். நீ எழுந்து வந்து எடுப்பாய். நான் உட்கார்ந்து, என்னிடம் மட்டும் இப்படி ஆடுகிறானே என்று பொருமுவேன்.

அந்த இரவும் அதேதான். 4-4. டேபிளில் எட்டும் ஒன்பதும்தான். எட்டு மிடில் பாக்கெட்டுக்கு நேராக இருந்தது. மெதுவாக அடித்து வெள்ளையை அங்கேயே நிறுத்தியிருந்தால் ஒன்பதுக்குச் சின்ன கட். போதும். ஆனால் உன் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். வெள்ளையை ஸ்க்ரூ போட்டுப் பின்னால் இழுத்து ஒன்பதுக்கு நேர்க்கோட்டில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. காட்டினேன். எட்டு வாயில் இரண்டு பக்கமும் இடித்து நின்றது.

நீ எட்டைப் போட்டாய். அதை யார் வேண்டுமானாலும் போடுவார்கள். ஆனால் வெள்ளை உருண்டு கடைசிக்குப் போய்விட்டது. ஒன்பது எதிர் மூலையில். டேபிளின் முழு நீளம். வேறு யார் முன்னால் என்றாலும் பத்துக்கு எட்டு தடவை நீ விட்டிருப்பாய். கியூவைச் சாய்த்து வைத்தாய். கையை பேன்ட்டில் துடைத்தாய். "அண்ணே, ஃபேனை நிறுத்துங்க, நிழல் பந்து மேல ஓடுது" என்றாய். ட்யூப்லைட்டுக்குக் கீழே அந்த ஃபேன் பத்து வருடமாகச் சுற்றுகிறது. ஒருவரும் அந்த நிழலைப் பார்த்ததில்லை. இறக்கைகள் ஒவ்வொன்றாக மெதுவாகி நிற்கும்வரை நீ காத்திருந்தாய். என் முதுகில் வியர்வை இறங்கியது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பந்து பாக்கெட்டின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை.

நான் "ஃப்ளூக்" என்றேன். அது ஃப்ளூக் இல்லை என்று டீ கொண்டுவந்த பையனுக்கும் தெரியும். தோற்றவன் கொடுக்க வேண்டிய டேபிள் காசு, ஐந்நூறு ரூபாயை டேபிள்மேல் போட்டேன். நீ அதை மடித்து என் சட்டைப்பையில் வைத்தாய். நீ அன்பாகத்தான் செய்தாய் என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்கு அப்படித் தெரியவில்லை. எடுத்து உன் கையில் திணித்து, "நீ தர வேண்டியதுல கழிச்சுக்கோ" என்றேன். அதற்கு மேல் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அங்கே ஆறேழு பேர் இருந்தார்கள், அவர்களும் இதைப் படிப்பார்கள்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த விஷயம் உனக்கும் எனக்கும் நடுவில் மட்டும் இருந்தது, உன் அக்காவுக்குக்கூட அன்றுவரை முழுதாகத் தெரியாது. அதைக் கொண்டுபோய் பூல் டேபிள்மேல் போட்டேன். மன்னித்துக்கொள்.

ஆனால் நீயும் ஒன்று சொல். மற்றவர்களிடம் தோற்றால் சிரிக்கிற நீ, என்னிடம் ஜெயித்தால்கூடச் சிரித்ததில்லையே, ஏன்? வீட்டில் என்னிடம் சொல்ல முடியாததை எல்லாம் அந்தக் கியூவால் சொன்னாயா? வாங்கிய கைக்குக் கோபம் இருக்கும், தெரியும். கொடுத்த கைக்கும் இருக்காதா? மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது நீ முதலில் வந்திருக்கலாம். சின்னவன் நீதானே.

சரி, விடு.

1996-ல் ஹாங்காங்கில் பூல் சாம்பியன்கள் எஃப்ரன் ரெயஸும் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டும் ஆடினார்களே, 120 ரேக் முதலில் எடுப்பவருக்கு ஒரு லட்சம் டாலர் என்று. நீதான் அந்த வீடியோவை உன் பழைய லேப்டாப்பில் காட்டினாய். மூன்று நாள் ஆடியும் 120-117. அந்த 117-ஐப் பார்த்துவிட்டு நீ ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாய், "பாவம் மாமா அவன்" என்றாய்.

நாம் 25 ரேக் முதலில் எடுப்பவர் யார் என்று ஆடலாம். கடைசி ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து மூன்றாம் நம்பர் டேபிளை நமக்கு வைத்துத் தருவதாக மார்க்கர் அண்ணன் சொல்லியிருக்கிறார். என் கணக்குப்படி உனக்கு நாலில் ஒரு வாய்ப்பு. நான் இந்த தடவை சேஃப்டி ஆடுவேன், முன்னாடியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. டேபிள் காசு தோற்றவன் கொடுப்பது, வழக்கம் போல. வேறு எந்தக் கணக்கும் அன்றைக்கு இல்லை.

ஃபேன் வேண்டாம் என்றால் காலையிலிருந்தே நிறுத்திவிடலாம். நான் இரண்டு துண்டு எடுத்து வருகிறேன்.

மாமா