எங்கள் மொட்டை மாடிக்கு மேலே ஓடும் காற்று

சென்னை மண்டல வானிலை ஆய்வு மைய விஞ்ஞானிகளுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் புவியியல் சொல்லித்தரும் ஆசிரியை எழுதுகிறேன்.

போன ஜூலையில் ஒருநாள், கடற்காற்று எழும்புவதற்கு முன், பிள்ளைகளோடு மொட்டை மாடியில் நின்றிருந்தேன். கொடியில் கிடந்த துணியெல்லாம் காசிமேட்டுப் பக்கமாகப் பறந்தது. தூரத்து இடிமேகத்தின் உச்சியோ நேரெதிராக, மேற்கே இழுபட்டு நீண்டிருந்தது. "மிஸ், கீழ ஒரு காத்து, மேல வேற காத்தா?" என்றாள் ஒருத்தி.

ஆமாம், வேறு காற்றுதான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் நம் தலைக்கு மேலே, கிழக்கிலிருந்து மேற்காக ஆறுபோல் விரைந்து ஓடும் கீழை ஜெட் காற்றோட்டம். 1950களில் அதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்ன பி. கோட்டேஸ்வரம் உங்கள் துறைக்காரர்.

பாடநூலில் ஜெட் காற்றோட்டம் இருக்கிறது. அது ஏன் ஓடுகிறது என்பதைத்தான் பிள்ளைகள் கண்ணால் பார்க்க முடிவதில்லை. கோடையில் திபெத் பீடபூமிக்கு மேலுள்ள காற்று, நிலநடுக்கோட்டுக் கடலுக்கு மேலுள்ளதைவிடச் சூடாகிவிடுகிறது. அந்த வெப்ப வேறுபாடுதான் மேலே கிழக்குக் காற்றை முடுக்குகிறது. வெப்பம் இடம் மாறினால் காற்றும் இடம் மாறும்.

இதை அளக்க வானத்தில் கருவி இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் தன் வெப்பத்துக்கேற்ப நுண்ணலைகளை வெளிவிடுகிறது. 1978 இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் அதைப் பதிந்துவருகின்றன. செயற்கைக்கோளின் பாதை மெல்ல நகர்வதால் அளக்கும் நேரமும் மாறிவிடும். அதைத் திருத்தாமல் விட்டால், வெப்பம் கூடுவதாகவோ குறைவதாகவோ பொய்யான போக்கு தெரியும். இந்தத் திருத்தத்தைப் பொறுமையாகச் செய்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. 1979 முதல் 2005 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2006இல் வந்த ஒரு கட்டுரை, இரு அரைக்கோளங்களிலும் நடு அட்சரேகைப் பகுதிகளில் வெப்பம் கூடுதலாக உயர்ந்ததைக் காட்டியது. மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் மேலை ஜெட் காற்றோட்டங்கள் துருவத்தை நோக்கிச் சுமார் 1 பாகை, அதாவது 110 கிலோமீட்டர், நகர்ந்திருப்பதாக அதிலிருந்து கணித்தார்கள்.

என் வகுப்பில் பாதிப்பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். வாடைக்காற்றும் கொண்டல்காற்றும் அவர்களுக்கு வீட்டுப் பேச்சு. துறைமுகத்தில் இருக்கும் உங்கள் ரேடாரும் அவர்களுக்குத் தெரியும். மேலே ஓடும் காற்று மட்டும் அந்நியமாக ஏன் இருக்க வேண்டும்?

இன்சாட்-3டிஎஸ் வானிலைச் செயற்கைக்கோள் தரும் வெப்ப அடுக்குப் பதிவிலிருந்து, அதாவது உயரத்துக்கு உயரம் மாறும் வெப்பநிலையின் பதிவிலிருந்து, சென்னைக்கு மேல் ஒரு ஜூலை மாதத்தை மட்டும் எடுத்து, தமிழ்க் குறிப்போடு எங்களுக்குத் தாருங்கள். உங்களில் ஒருவர் அரைநாள் வந்து அந்தப் படத்தை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். வரைபடத்தாள், பென்சில், மொட்டை மாடி எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. அன்று மாடியில் கேள்வி கேட்ட அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. அவள் பள்ளியை விட்டுப் போவதற்குள் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
தண்டையார்பேட்டை ஆசிரியை