கம்பளிப்பூச்சியும் நிலா வட்டமும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. கம்பளிப்பூச்சி படத்தை அனுப்பி, இந்த வருஷம் குளிர் கடுமையாக இருக்குமா என்று கேட்டிருந்தாய்.

நீ இருக்கும் வட கரோலினா மலைப்பக்கம் அக்டோபர் வந்தால் இந்தப் பூச்சி பற்றித்தான் பேச்சு. உடம்பில் 13 கணு. இரண்டு முனையும் கறுப்பு, நடுவில் செம்பழுப்புப் பட்டை. கறுப்பு மிஞ்சினால் கடுங்குளிர், பழுப்பு மிஞ்சினால் லேசான குளிர் என்பார்கள். பேனர் எல்க் ஊரில் 1978 முதல் இதற்குத் திருவிழாவே நடக்கிறது. பூச்சிகளை நூலில் ஏறவிட்டுப் பந்தயம் வைத்து, ஜெயித்ததன் 13 கணுவையும் குளிர்காலத்தின் 13 வாரமாகப் படிப்பார்கள்.

உன் படத்தில் பழுப்பு 5 கணு இருக்கிறது. அதை வைத்து ஜனவரியைச் சொல்ல முடியாது, கண்ணு. ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் பழுப்பு அகலமாகும். பட்டை காட்டுவது பூச்சியின் வயசை, அதாவது இதுவரை எத்தனை நாள் தின்று வளர்ந்தது என்பதை. நியூயார்க் அருங்காட்சியகத்துப் பூச்சியியலாளர் கர்ரன் 1948 முதல் பல வருஷம் பிடித்து எண்ணினார்; சராசரி 5.3க்கும் 5.6க்கும் நடுவிலேயே நின்றது. முழுக்கக் கறுப்பாக ஒன்றைப் பார்த்தால் பயப்படாதே. அது வேறு இனம்.

பெர்சிமன் என்ற பழத்தின் விதையும் இதே கதைதான். பிளந்த விதைக்குள் கரண்டி உருவம் தெரிந்தால் பனி அள்ளும் மண்வெட்டி, அதாவது நிறையப் பனி; முள்கரண்டி என்றால் இதமான குளிர், கத்தி என்றால் வெட்டும் காற்று. உள்ளே வெள்ளையாகத் தெரிவது முளைக்கருவின் வித்திலை. அது விதைக்கு விதை மாறும். ஒரே பழத்தில் வெவ்வேறு விதமும் கிடைக்கும். வெட்டிப் பார்க்க ஆசையிருந்தால் விதையைக் கழுவித் துடைத்து, குறடால் பிடித்து, ஓரத்து விளிம்பில் கத்தியை வைத்துத் தட்டையாகப் பிள. விரலால் பிடிக்காதே, வழுக்கிக் கையில் இறங்கும்.

ஓக் மரம் காய்த்துக் கொட்டுவதற்கும் வரப்போகும் பனிக்கும் சம்பந்தமில்லை. சில வருஷத்துக்கு ஒரு முறை அது அப்படித்தான் காய்க்கும். பூத்தபோது உறைபனி தப்பியதா என்பதும் ஒரு காரணம். செடியும் பூச்சியும் போன பருவத்தைத்தான் உடம்பில் எழுதி வைத்திருக்கும். அவற்றிடம் மூன்று மாசம் கழித்து வருவதைக் கேட்கிறோம், அதுதான் தப்பு.

இப்போது இருக்கும் குளிரைக் கேட்டால் சரியாகச் சொல்லும். ரோடோடென்ட்ரான், அதுதான் நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறோமே, அதன் இலையை ஜன்னல் வழியாகப் பார். உறைநிலை நெருங்கும்போது தொங்கும். மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் வாக்கில் பென்சில் மாதிரி இறுகச் சுருண்டுவிடும். அப்படிச் சுருண்ட காலையில் காதை மூடாமல் வெளியே போகாதே.

அடுத்த நாளுக்கு நான் நம்புவது நிலாவைத்தான். "கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை" என்பது அங்கே பனிக்கும் பொருந்தும். கையை நீட்டி, விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியால் நிலாவை மறை. சுண்டுவிரல் நுனி தொடும் தூரத்தில் வட்டம் இருந்தால் அது நிலாவிலிருந்து 22 டிகிரி கோணத்தில் இருக்கும் பெரிய வட்டம். உயரத்து மெல்லிய மேகத்தின் பனிப்படிகங்களில் ஒளி வளைந்து உண்டாவது. அந்த மேகம் பெரும்பாலும் மழையோ பனியோ கொண்டுவரும் காற்றுக்கு முன்னால் வரும். நிலாவை ஒட்டி நிறம் நிறமாகத் தெரியும் சின்ன வட்டம் நீர்த்துளிகளால் வருவது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

பெரிய வட்டமும் சில சமயம் ஏமாற்றும், மேகம் அப்படியே கடந்து போய்விடும். அதனால் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார். வட்டம் மறைந்து, நிலா தேய்த்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல மங்கியிருந்தால் மேகம் தடித்து இறங்குகிறது. அன்றைக்கே வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிடு, மண்வெட்டியை வாசலுக்கு உள்பக்கம் எடுத்து வை.

அன்புடன்,
அப்பா