பேனல்ல உத்வேகம் போதும், ஒரு காண்ட்ராக்ட்டை எடுத்து ஸ்க்ரீன்ல போடுங்க

லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, சான் அன்டோனியோ, சிகாகோன்னு அமெரிக்கா முழுக்க லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக்காரங்களோட, திரைப்பட விழாக்கள்ல பேனல்ங்கிற மேடைக் கலந்துரையாடல் ஏற்பாடு பண்ற எல்லாருக்கும் வணக்கம்.

தமிழ்ல எழுதுறேனேன்னு பாக்காதீங்க, எனக்கு கோவம் தமிழ்லதான் ஒழுங்கா வரும். கூட வேலை செய்ற எல் சால்வடோர் நாட்டு நண்பர் ஒருத்தர் ஸ்பானிஷ்ல மாத்தித் தரேன்னு சொல்லிருக்கார். அதுவுமில்லாம இங்க குறும்படம் எடுக்குற நம்ம தமிழ்ப் பசங்களும் உங்க பேனல்ல பின்வரிசையில உக்காந்து நோட்ஸ் எடுத்துக்கிட்டுதான் இருக்காங்க, அவங்களும் இதைப் படிக்கணும்.

நான் யாருன்னா, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு போஸ்ட் ப்ரொடக்‌ஷன் கம்பெனியில க்யூசி பாக்குறவன். முடிஞ்ச படத்தை ஸ்ட்ரீமிங்காரங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஃப்ரேம் ஃப்ரேமா பாத்து குத்தம் கண்டுபிடிக்கணும், மாமியார் வேலைன்னு வீட்ல கிண்டல் பண்ணுவாங்க. பெரிய கம்பெனி படமும் வரும், கடன் வாங்கி எடுத்த படமும் வரும். திரும்பிப் போறது பெரும்பாலும் ரெண்டாவது வகைதான், அதுவும் படம் நல்லா இல்லாம இல்ல, பேப்பரும் ஃபைலும் சரியா இல்லாம.

உங்க மேல மரியாதை இல்லாம இதை எழுதல. சான் அன்டோனியோல 1976லயே சினிஃபெஸ்டிவல் ஆரம்பிச்சாச்சு, சிகாகோல 1985, சான் டியேகோ விழா 1994ல மாணவர் படங்களை வச்சு தொடங்கினது, லாஸ் ஏஞ்சலஸ்ல 1997ல நடிகர் எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸும் மத்தவங்களும் சேந்து ஆரம்பிச்சது. இவ்ளோ வருஷ அனுபவம் கையில இருக்கு, ஆனா பேனல் மட்டும் இன்னும் முதல் வருஷம் மாதிரியே நடக்குதேங்கறதுதான் ஆதங்கம்.

எந்த விழான்னு சொல்லல, ஆனா எல்லாரும் பாத்ததுதான். மாடரேட்டர் நாலு பேரோட பயோடேட்டாவைப் படிக்கவே பத்து நிமிஷம் ஆயிடும். அப்புறம் ஸ்டூடியோலேர்ந்து வந்தவர் மைக்கைப் பிடிச்சு அமெரிக்காவுல லத்தீனோ மக்கள் 6 கோடியே 21 லட்சம், மக்கள்தொகையில 18.7 சதவீதம்னு 2020 சென்சஸ் கணக்கைச் சொல்லுவார். ஐயா, கீழ உக்காந்திருக்கவங்கதான் அந்த 6 கோடியே 21 லட்சம், அவங்களுக்கே எதுக்கு அதைச் சொல்றீங்க, அந்த நம்பரை உங்க ஆபீஸ் மீட்டிங்ல போய்ச் சொல்லுங்க. அதுக்கப்புறம் 'உங்க கதையை நீங்கதான் சொல்லணும்'னு ஒரு ரவுண்டு, கைதட்டு, கடைசி அஞ்சு நிமிஷம் கேள்வி. பின்னாடிலேர்ந்து ஒரு பொண்ணு எந்திரிச்சு, படத்தை வித்தாச்சு, ஒன்றரை வருஷமாச்சு, டிஸ்ட்ரிப்யூட்டர் அனுப்புற கணக்கு ஸ்டேட்மென்ட்ல இன்னும் மைனஸ்தான் காட்டுது, இது நார்மலான்னு கேட்டுச்சு. பதில் என்ன தெரியுமா, ஒவ்வொரு டீலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்மா. அவ்ளோதான், ஃபோட்டோ எடுத்துட்டு எல்லாரும் கிளம்பிட்டாங்க.

7,000 டாலர் கதையையும் இனிமே யாரும் அரைகுறையா சொல்லாதீங்க ப்ளீஸ். டைரக்டர் ராபர்ட் ரொட்ரிகஸ் மருந்து பரிசோதனைக்கு உடம்பைக் குடுத்து காசு சேத்து 'எல் மரியாச்சி' எடுத்தது உண்மை, பெரிய விஷயம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்த 7,000ல தியேட்டர்ல ஓட்டுறதுக்கான பிரிண்டே கிடையாது, எடிட் முழுக்க வீடியோ டேப்ல. கொலம்பியா பிக்சர்ஸ் ஸ்டூடியோ வாங்கினதுக்கு அப்புறம் சவுண்டுக்கும் பிரிண்டுக்கும் அதைவிட பல மடங்கு செலவு பண்ணித்தான் 1993ல நீங்க தியேட்டர்ல பாத்த படம் வந்துச்சு. முதல் பாதியை மட்டும் சொன்னா கேக்குற பையன் ஷூட்டிங்க்கு மட்டும் காசு எடுத்து வச்சுட்டு இறங்கிடறான், அப்புறம் எங்க மேஜைக்கு வந்து மாட்டிக்கிறான்.

எப்படி மாட்டிக்கிறாங்கன்னு ஒரு சாம்பிள் சொல்றேன். உங்க படங்கள்ல பாட்டி ஸ்பானிஷ்ல திட்டும், பேத்தி இங்கிலீஷ்ல எதுத்துப் பேசும், வீட்ல நிஜமாவே அப்படித்தானே. டைரக்டர் பாட்டி வசனத்துக்கு அழகா மஞ்சள் எழுத்துல சப்டைட்டில் போட்டு படத்துலயே பர்ன் பண்ணிடுவார், விழாவுல ஓட்டுறதுக்கு அது ஓகே. ஆனா பெரிய ஸ்ட்ரீமிங்காரங்க எழுத்தே இல்லாத சுத்தமான பிக்சர் கேப்பாங்க, அந்த சப்டைட்டில் தனி ஃபைலா வரணும். அப்ப படத்துக்குக் கலர் சரிபண்ணின கலரிஸ்ட்டைத் தேடி ஓடுவாங்க, அவர் ப்ராஜெக்ட்டை ஆர்க்கைவ் பண்ணிட்டு வேற வேலைக்குப் போயிருப்பார், திரும்ப எக்ஸ்போர்ட் பண்ண தனி பில்லு. அடுத்து எம் அண்ட் இ ட்ராக், அதாவது வசனம் இல்லாம மியூசிக், காலடிச் சத்தம், தட்டு கழுவுற சத்தம் மட்டும் இருக்குறது, வேற மொழியில டப் பண்ண அது கண்டிப்பா வேணும். மிக்ஸிங் அப்பவே ஸ்பானிஷ் வசனம் தனி ஸ்டெம் (தனி ஆடியோ ஃபைல்), இங்கிலீஷ் வசனம் தனி ஸ்டெம்னு கேட்டு வாங்கி வச்சா மெக்சிகோவுக்கு டப் பண்றப்ப பாட்டி குரல் அப்படியே இருக்கும், பேத்தியை மட்டும் டப் பண்ணாப் போதும். கேக்கலன்னா பாட்டிக்கும் யாரோ ஒருத்தங்க குரல்தான். மிக்ஸிங்ல ஒரு வார்த்தை கேட்டா முடியுற விஷயம் இது, நான் போன எந்த பேனல்லயும் யாரும் இதைப் பேசி நான் கேக்கல.

பாட்டு விஷயமும் இப்படித்தான். கின்ஸியன்யேரா, அதாவது பொண்ணோட பதினஞ்சாவது பிறந்தநாள் பார்ட்டி சீன்ல ஸ்பீக்கர்ல ஒரு ஹிட் கும்பியா டான்ஸ் பாட்டு ஓடும், விழாவுல காட்ட மட்டும்னு கம்மி காசுக்கு ரைட்ஸ் வாங்கிருப்பாங்க. விக்கும்போது பாட்டு எழுதினவங்க பக்கம் ஒரு ரைட்ஸ், ரெக்கார்டிங் வச்சிருக்கற லேபிள் பக்கம் ஒரு ரைட்ஸ், ரெண்டுமே உலகம் முழுக்க வேணும், விலை எங்கயோ போயிடும். அது இல்லாம ஈ அண்ட் ஓ, அதாவது காப்பிரைட் மாதிரி கேஸ் வந்தா காப்பாத்துற இன்ஷூரன்ஸ் கிடைக்காது, இன்ஷூரன்ஸ் இல்லாம பெரிய எடத்துல யாரும் படத்தை வாங்க மாட்டாங்க.

அதனால நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு பேனல், ஒன்றரை மணி நேரம், பேர் எல்லாம் கறுப்பு அடிச்ச நிஜமான விநியோக ஒப்பந்தத்தை ஸ்க்ரீன்ல போடுங்க, ஒரு எண்டர்டெயின்மென்ட் லாயரை உக்கார வச்சு வரி வரியா படிங்க. 100 டாலர் வந்தா அதுல டிஸ்ட்ரிப்யூட்டர் கமிஷன் 25 போச்சுன்னு வச்சுக்குவோம், அப்புறம் மார்க்கெட்டிங் செலவுன்னு ஒரு வரி வரும், அதுக்கு உச்சவரம்பு எழுதலன்னா மிச்சம் 75ம் அதுலயே கரைஞ்சிடலாம், அப்புறமும் ஏதாவது இருந்தா சேல்ஸ் ஏஜென்ட், முதலீட்டாளர், கடைசியா படம் எடுத்தவங்க. அந்தப் பொண்ணோட மைனஸ் ஏன் மைனஸ்னு அன்னைக்கே புரிஞ்சிருக்கும். எத்தனை வருஷத்துக்கு எழுதிக் குடுக்குறோம், கணக்கைத் தணிக்கை பண்ற உரிமை இருக்கா, கம்பெனி மூழ்கினா படம் நம்ம கைக்குத் திரும்புமான்னும் அதுலயே பாத்துடலாம். 2019ல டிஸ்ட்ரிபர்ங்கிற அக்ரிகேட்டர், அதாவது இண்டி படங்களை ஸ்ட்ரீமிங்ல ஏத்தி விடுற இடைக் கம்பெனி, மூடினப்ப எத்தனையோ இண்டி ஆட்களோட வரவு உள்ள மாட்டிக்கிச்சு, அதுக்கப்புறமும் இதை யாரும் மேடையில எடுக்கலன்னா எப்படி.

'நிதி எங்க கிடைக்கும்' பேனலையும் பழைய ஸ்லைடை வச்சே ஓட்டாதீங்க. பொது டிவி காசுதான் உங்க சினிமாவுக்கு ஒரு காலத்துல முதுகெலும்பு, டைரக்டர் கிரெகொரி நாவாவோட 'எல் நோர்தே', பிபிஎஸ்ங்கிற பொது டிவியோட அமெரிக்கன் ப்ளேஹவுஸ் நிகழ்ச்சிப் பணமும் சேந்து வந்த படம்தான். 1998லேர்ந்து லத்தீனோ பப்ளிக் ப்ராட்காஸ்டிங்ங்கிற அமைப்பு எத்தனையோ டாக்குமென்டரிக்குக் காசு குடுத்துட்டு வந்துச்சு, அதுக்குப் பணம் வந்த பெரிய ஊத்து சிபிபி, பொது டிவிக்கும் ரேடியோவுக்கும் அரசாங்கப் பணத்தைப் பிரிச்சுக் குடுத்த நிறுவனம். 2025 ஜூலையில அமெரிக்க நாடாளுமன்றம் அதுக்கு ஒதுக்கின 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கிச்சு, சிபிபி கடையைக் கட்டுற நிலைமைக்கு வந்துடுச்சு. இன்னொரு பக்கம் அதே வருஷம் கலிஃபோர்னியா சினிமா வரிச்சலுகையை 33 கோடியிலேர்ந்து 75 கோடி டாலர் ஆக்கிருக்கு, டெக்சாஸ் ரெண்டு வருஷத்துக்கு 30 கோடி ஒதுக்கிருக்கு. இதுல சின்ன பட்ஜெட் படத்துக்கு எந்த அளவுலேர்ந்து தகுதி, எவ்ளோ கிடைக்கும்னு சொல்ல மாநில ஃபிலிம் ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆளைக் கூப்பிடுங்க, உத்வேகப் பேச்சாளர் ஒருத்தர் கம்மியானா ஒண்ணும் குறைஞ்சிடாது.

இன்னொண்ணு. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு பேனல் வச்சா ஷிஃப்ட் வேலைக்குப் போறவங்க எப்படி வருவாங்க, ஞாயிறு சாயங்காலம் வைங்க. ஸ்பானிஷ்ல கேள்வி கேட்டா மாடரேட்டர் ரெண்டு வரியில சுருக்கிச் சொல்லி முடிச்சிடறார், ஒழுங்கா ஒரு மொழிபெயர்ப்பாளர் போடுங்க, லத்தீனோ விழாவுலயே ஸ்பானிஷ் பேசத் தயங்குறாங்கன்னா அது உங்களுக்குத்தான் கேவலம்.

டெலிவரபிள்ஸ், அதாவது படத்தோட சேத்துக் குடுக்க வேண்டிய ஃபைல், பேப்பர் பத்தி பேச ஆள் கிடைக்கலன்னா நான் வரேன், ரிஜெக்ட் ஆன ரிப்போர்ட் எப்படி இருக்கும்னு பேரை மறைச்சு ஸ்க்ரீன்லயே காட்டுறேன். காசெல்லாம் வேணாம், ஹாலிவுட் பக்கம் வச்சீங்கன்னா பார்க்கிங்கை மட்டும் வேலிடேட் பண்ணிக் குடுத்துடுங்க.